செய்தித் தமிழில் ‘கை’: எதை எங்கே எழுதுவது?

கேள்வி இதுதான்: ஒரு நாள் செய்தித்தாளைப் புரட்டினால் கைது, கைப்பற்றல், கையாடல், கைகலப்பு, கையகப்படுத்தல், கைவிரிப்பு, கையிருப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் ‘கை’ வருகிறது. இவற்றில் எதை எங்கே எழுத வேண்டும், தவறு எங்கே நேர்கிறது, எங்கே வல்லினம் மிகும்?

முதலில் ஒரு சொல்லை ஒதுக்கிவிடலாம். ‘கைது’ என்பதில் கையே இல்லை. அரபியில் பிறந்து உருது வழியாக நம் கச்சேரிகளுக்கு, அதாவது அரசு அலுவலகங்களுக்கு, வந்த சொல் அது. சிறை, காவல் என்று பொருள். ‘கைதி’யும் அதன் உடன்பிறப்பு. கையில் விலங்கு மாட்டுவதால் கைது என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், சரியல்ல. ‘கைங்கரியம்’ என்பதும் இப்படித்தான், ஏவலாளைக் குறிக்கும் ‘கிங்கர’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. மற்றவை பெரும்பாலும் அசல் தமிழ்க் கைகள். அவற்றுள் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: ஒரு பொருள் இப்போது யாரிடம் இருக்கிறது, அது அங்கே எப்படிப் போனது. செய்தி எழுதுபவர் இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் சொல் தானாக அமையும். தெரியாமல் எழுதினால் சொல்லோடு சேர்ந்து தகவலும் மாறிவிடும்.

கையில்லாத கைதுதான் அதிகம் குழப்புகிறது, அதனால் அதையே முதலில் பார்ப்போம். போலீஸார் ஒருவரை ஜீப்பில் ஏற்றினாலே ‘கைது’ என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. விசாரணைக்கு அழைத்துச் செல்வது வேறு, கைது வேறு. கைது என்றால் அந்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 22(2) பிரிவுப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். ‘நேற்று முன்தினம் கைது, இன்று ஆஜர்’ என்று கவனமில்லாமல் எழுதினால், போலீஸார் சட்டத்தை மீறினார்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும். உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால் அதுதான் தலைப்புச் செய்தி. நடக்காவிட்டால் மறுநாள் மறுப்பு வெளியிட வேண்டியிருக்கும். ‘பிடிபட்டார்’, ‘சிக்கினார்’ என்பவை இன்னும் தளர்வானவை. பிடித்தது ஊர்க்காரர்களாகவும் இருக்கலாம். பொதுமக்கள் பிடித்து ஒப்படைத்தார்கள் என்றால் ‘பிடிபட்டார்’ முதலிலும், போலீஸ் நடவடிக்கை வந்த பிறகு ‘கைது’ம் வர வேண்டும்.

மறியல் செய்திகளில் வரும் ‘200 பேர் கைது’ என்பது இன்னொரு வகை. பேருந்தில் ஏற்றித் திருமண மண்டபத்தில் உட்காரவைத்து, சாப்பாடு கொடுத்து, மாலையில் விடுவிக்கும் கைது அது. குற்றம் நடக்காமல் தடுப்பதற்கான கைது என்ற பிரிவு சட்டத்தில் இருக்கிறது, ஆகவே சொல் தவறில்லை. ஆனால் ‘மாலையில் விடுவிக்கப்பட்டனர்’ என்ற வரி விடுபட்டால், வெளியூரில் இருக்கும் உறவினர்கள் அவர்கள் சிறைக்குப் போய்விட்டதாகவே நினைப்பார்கள். அடுத்தது ‘குண்டர் சட்டத்தில் கைது’. 1982-ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் தடுப்புக் காவலுக்கானது. மாவட்ட ஆட்சியரோ மாநகர போலீஸ் கமிஷனரோ உத்தரவிடுவார். பெரும்பாலும் அந்த ஆள் ஏற்கெனவே வேறொரு வழக்கில் கைதாகிச் சிறையில்தான் இருப்பார், உத்தரவின் நகலை அங்கேயே கொடுப்பார்கள். சிறைக்குள் இருப்பவரை மறுபடி எங்கே கைது செய்வது? ‘குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்க உத்தரவு’ என்பதே சரி. காவல் அதிகபட்சம் 12 மாதம். தண்டனை அல்ல என்பதால் ‘ஓராண்டு சிறை’ என்றும் எழுதக் கூடாது.

இனி அசல் கைகள். இவற்றில் மிக அதிகமாக உழைப்பது ‘கைப்பற்று’. கஞ்சா, உடல், தொகுதி, விக்கெட், கோப்பை, நகரம் என எல்லாவற்றையும் இந்த ஒரு வினையால் எடுத்துவிடுகிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி இருக்கிறது.

குற்றச் செய்தியில் கைப்பற்றுதலும் பறிமுதலும் ஒன்றாகவே புழங்குகின்றன. சட்டத்தில் அவை இரண்டு படிகள். போலீஸார் பொருளை எடுத்து மகஜர் (கைப்பற்றுதல் குறிப்பு) எழுதி நீதிமன்றத்தில் ஒப்படைப்பது கைப்பற்றுதல். பொருள் அரசுக்கே சொந்தம் என்று முடிவாவது பறிமுதல். அன்றாடப் பேச்சில் ‘50 கிலோ குட்கா பறிமுதல்’ ஊன்றிவிட்டது, அதை இனி மாற்ற முடியாது, பெரிய கேடும் இல்லை. ஆனால் சொத்து விவகாரத்தில் இது பெரிய வேறுபாடு. பண மோசடித் தடுப்புச் சட்டத்தில் அமலாக்கத் துறை முதலில் செய்வது தற்காலிக முடக்கம். அது 180 நாள் வரைதான் செல்லும், அதற்குள் உரிய தீர்ப்பாயம் அதை உறுதிசெய்ய வேண்டும். முடக்கிய வீட்டில் சொந்தக்காரர் குடியிருந்துகொண்டும் இருக்கலாம். அதை ‘ரூ.10 கோடி சொத்து பறிமுதல்’ என்று எழுதினால், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறோம். ‘முடக்கம்’ எழுத்து எண்ணிக்கையில் ‘பறிமுதல்’ அளவுதான், தலைப்பில் இடமில்லை என்ற சாக்கும் எடுபடாது.

‘உடலைக் கைப்பற்றிப் பிரேத பரிசோதனைக்கு அனுப்பினர்’ என்பது காவல் நிலையக் குறிப்பிலிருந்து அப்படியே இறங்கிய வாக்கியம். ஆவண மொழியில் உடலும் கைப்பற்றப்பட்ட ஒரு பொருள். செய்தியைப் படிக்கப்போவது இறந்தவரின் வீட்டாரும்தான். கிணற்றிலிருந்தோ கடலிலிருந்தோ எடுத்தால் ‘உடலை மீட்டு’, வீட்டிலிருந்து எடுத்தால் ‘உடலைப் பிரேத பரிசோதனைக்கு அனுப்பினர்’ என்பதே போதும். கைப்பற்றுவதற்கு அங்கே யாரும் எதிர்த்து நிற்கவில்லை. ‘மீட்டனர்’ என்று எழுதும்போது மட்டும் ‘உடல்’ என்ற சொல் விழுந்துவிடாமல் பார்க்க வேண்டும். ‘சிறுவனை மீட்டனர்’ என்றால் உயிரோடு மீட்டார்கள் என்றே பொருள்.

தேர்தலில் ‘கைப்பற்றியது’ என்றால் அதற்கு முன் அந்தத் தொகுதி வேறொருவரிடம் இருந்தது என்று பொருள். சென்ற முறையும் அதே கட்சிதான் என்றால் ‘தக்கவைத்தது’. வாக்கு எண்ணிக்கை நாளில் 234 தொகுதிகளையும் பரபரப்பில் எழுதும்போது இது அடிக்கடி தவறும். முந்தைய முடிவுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ‘ஆட்சியைக் கைப்பற்றியது’ என்பதை வாக்குப்பெட்டி வழியாக வந்தவர்களுக்குப் போடாமலிருப்பது நல்லது. ‘ஆட்சியைப் பிடித்தது’ என்ற பழகிய தொடர் இருக்கிறது. 2021 பிப்ரவரி 1-இல் மியான்மர் ராணுவம் செய்ததுதான் கைப்பற்றுதல்.

போர்ச் செய்தியில் இந்த வினை எழுதுபவர் நிற்கும் இடத்தையே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே நகரம், ஒரே நாள்: ஒரு தரப்பு ‘மீட்டோம்’ என்னும், மறுதரப்பு ‘ஆக்கிரமித்தார்கள்’ என்னும். 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி இலங்கை ராணுவத்தின் வசம் போனதை ‘மீட்டது’ என்று எழுதினால் அரசுத் தரப்பின் வாசகத்தையே நம்முடையதாக எழுதுகிறோம். ‘கைப்பற்றியது’ நடந்ததை மட்டும் சொல்கிறது. இவ்வகையில் அது நியாயமான சொல். ‘வசமானது’ இன்னும் மென்மை. நகரம் தானாகப் போய் விழுந்ததுபோல் ஒலிப்பதால், கடும் சண்டை நடந்த இடத்துக்கு அது பொருந்தாது.

கிரிக்கெட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. பந்துவீச்சாளர் கைப்பற்றிய விக்கெட் கணக்கில் ரன் அவுட் சேராது. எதிரணி 10 விக்கெட்டையும் இழந்தது, அதில் 2 ரன் அவுட் என்றால், பந்துவீச்சாளர்கள் கைப்பற்றியது 8 மட்டுமே.

‘கையகப்படுத்துதல்’ சட்டம் வழியாக, விலை கொடுத்து எடுப்பது. நிலச் செய்திகளில் இதன் காலம்தான் பிசகுகிறது. வருவாய்த் துறையில் இதற்கு ‘நில எடுப்பு’ என்றே பெயர், அலுவலகப் பலகையிலும் அப்படித்தான் இருக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகத் தாக்க மதிப்பீடு, 11-வது பிரிவின் முதல்நிலை அறிவிக்கை, ஆட்சேபணை விசாரணை, 19-வது பிரிவின் அறிவிப்பு, 23-வது பிரிவின் தீர்வம் (இழப்பீட்டை முடிவுசெய்யும் உத்தரவு), இழப்பீடு என்று படிப்படியாகப் போய்த்தான் கடைசியில் நிலம் அரசின் சுவாதீனத்துக்கு வரும். முதல் அறிவிக்கை வந்த அன்றே ‘300 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது’ என்று எழுதினால், ஆட்சேபணை தெரிவிக்கக் காலம் இருக்கும் விவசாயி, எல்லாம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடுவார். இந்த ஒரு தவறு வாசகருக்கு நேரடி நஷ்டம் தரக்கூடியது. ‘கையகப்படுத்த முதல்நிலை அறிவிக்கை’ என்று நீளமாகவே எழுதலாம். அரசு ஊழியர்கள் ஆக்கிரமிப்பை அகற்றி எடுத்த புறம்போக்கு நிலத்துக்கும் இந்தச் சொல் ஆகாது. அது அரசின் சொத்துதான், அங்கே ‘மீட்பு’ சரி.

நிறுவனங்களை வாங்கும் செய்தியிலும் ஏலத்தில் வென்ற நாள் ஒன்று, கைமாறிய நாள் வேறொன்று. ஏர் இந்தியாவுக்கான ஏலத்தில் டாடா குழுமம் வென்றதாக 2021 அக்டோபர் 8-இல் அறிவித்தார்கள். நிறுவனம் கைமாறியது 2022 ஜனவரி 27-இல். இடைப்பட்ட மாதங்களில் ‘கையகப்படுத்துகிறது’ சரி, ‘கையகப்படுத்தியது’ தவறு.

பணக் குற்றங்களில் ‘கையாடல்’ மிகக் கூரான சொல். நம்பி ஒப்படைத்த பணத்தை எடுத்துக்கொள்வதுதான் கையாடல். கூட்டுறவுச் சங்கச் செயலாளர், வங்கிக் காசாளர், கோயில் கணக்கர் செய்வது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிப்பது முதலிலிருந்தே ஏமாற்று, அது ‘மோசடி’. பூட்டை உடைத்து எடுத்தால் திருட்டு. விதியை மீறிச் செலவிட்டார், ஆனால் சொந்தப் பைக்குப் போனதாகத் தெரியவில்லை என்றால் ‘முறைகேடு’. தணிக்கை அறிக்கை ‘கணக்கில் வேறுபாடு’ என்று மட்டும் சொன்னால் அதற்கு மேல் ஓரடிகூடப் போகக் கூடாது. அரசு ஊழியரோ வங்கியரோ கையாடல் செய்தது நிரூபணமானால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 316(5) பிரிவில் ஆயுள் தண்டனை வரை வாய்ப்பு உண்டு. ஆகவே தீர்ப்பு வரும்வரை ‘கையாடல் செய்ததாகப் புகார்’ என்பதில் அந்தப் ‘புகார்’ உயிரெழுத்துப் போன்றது. இன்னொன்று, ‘நிதியைக் கையாண்டவர்’ என்பது பொறுப்பாக நிர்வகித்தவர். ‘கையாடியவர்’ என்றால் விழுங்கியவர். தட்டச்சில் இரண்டெழுத்து மாறினால் அவதூறு வழக்கு. மெய்ப்புத் திருத்துபவர் இந்த இரண்டு சொற்களையும் கண்டால் ஒரு தடவை நின்று போக வேண்டும்.

லஞ்சச் செய்தியில் ‘கையும் களவுமாக’ என்பது தேய்ந்த தொடர்தான். ஆனால் வேடிக்கையாக, அங்கே அது சொல்லுக்குச் சொல் உண்மை. புகார்தாரரிடம் கொடுத்தனுப்பும் நோட்டுகளில் ஃபீனால்ப்தலீன் பொடியைத் தடவியிருப்பார்கள். பணத்தை வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாகும். கைதான் சாட்சி. பணம் செல்போன் செயலி வழியாகப் போனது, அல்லது தரகர் வாங்கினார் என்றால் இந்தத் தொடரைப் போடக் கூடாது. அதிகாரி அறையில் இருந்தார், பணம் தரகரிடம் பிடிபட்டது என்றால் கையும் களவுமாகச் சிக்கியவர் தரகர்தான்.

‘கைகலப்பு’ இரு தரப்பும் ஆயுதமின்றி அடித்துக்கொள்வது. ஒருவர் மட்டும் அடித்து மற்றவர் வாங்கினால் ‘தாக்குதல்’. இதைக் கைகலப்பு என்று எழுதுவது அடிபட்டவரையும் குற்றவாளியாக்கும். அரிவாள் வந்துவிட்டால் ‘மோதல்’. ‘கலவரம்’ என்பதற்குச் சட்டம் குறைந்தது 5 பேர் கொண்ட கூட்டத்தைக் கேட்கிறது. 3 பேர் டீக்கடையில் போட்ட சண்டை கலவரம் ஆகாது.

‘கைவிடப்பட்டது’ என்றால் இனி இல்லை. பின்னொரு நாள் நடக்கும் என்றால் ‘ஒத்திவைப்பு’, அதுவரை நிற்கிறது என்றால் ‘நிறுத்திவைப்பு’, உத்தரவே செல்லாது என்றால் ‘ரத்து’. அமைச்சர் பேச்சுவார்த்தைக்குப் பின் சங்கத் தலைவர் ‘போராட்டத்தைத் தள்ளிவைக்கிறோம்’ என்றதை ‘கைவிட்டனர்’ என்று எழுதினால், மறுநாள் காலை சங்க அலுவலகத்திலிருந்து போன் வரும். கிரிக்கெட்டில் மழையால் ஒரு பந்துகூட வீசாமல் போனது கைவிடப்பட்ட ஆட்டம். தொடங்கிய பின் நின்று, இரண்டாவதாக ஆடும் அணி தேவையான குறைந்தபட்ச ஓவர்களைச் சந்திக்கவில்லை என்றால், அதாவது ஒருநாள் போட்டியில் 20, டி20-இல் 5, பட்டியலில் அது ‘முடிவில்லை’ என்றே பதிவாகும்.

‘கைவிரிப்பு’, ‘கைகழுவியது’ இரண்டும் செய்தி மாதிரி வேடமிட்ட கருத்துகள். ‘மத்திய அரசு கைவிரிப்பு’ என்ற தலைப்பின் கீழே பார்த்தால், நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வ பதிலில் ‘அத்தகைய முன்மொழிவு பரிசீலனையில் இல்லை’ என்று இருக்கும். அந்த வாசகத்தை முதல் பத்தியிலேயே கொடுத்துவிட்டால் தலைப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். ‘டாக்டர்கள் கைவிரித்தனர்’ என்பதைத் தவிர்த்தே விடலாம். சிகிச்சை பலனின்றி இறந்தவருக்கு, முயலாமல் விட்டுவிட்டார்கள் என்ற சாயலை அது ஏற்றுகிறது. ‘கொள்ளையர் கைவரிசை’ இதற்கு நேரெதிர். கைத்திறமையைப் பாராட்டும் சொல்லைத் திருடனுக்குச் சூட்டுகிறோம்.

‘கையிருப்பு’ செலவுக்கு எடுக்கக்கூடிய நிலையில் இருப்பது. ரிசர்வ் வங்கி வெள்ளிக்கிழமைதோறும் வெளியிடும் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் வெளிநாட்டு நாணயச் சொத்தோடு தங்கமும், சர்வதேச நாணய நிதியத்தில் உள்ள பங்கும் சேர்ந்தே இருக்கும், எல்லாம் டாலர் நோட்டு அல்ல. அணைக்கு ‘நீர் இருப்பு’ மட்டும் போதும்.

நிஜக் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாம் கைதான். அதனால் ‘பட்டாசு விபத்தில் கை துண்டானது’ என்றால் ஒன்றும் விளங்குவதில்லை. விரலா, மணிக்கட்டா, முழங்கையா என்பதை மருத்துவமனையில் கேட்டு எழுத வேண்டும். அதைப் பொறுத்துத்தான் மறுபடி இணைக்கும் வாய்ப்பும் இருக்கிறது. தசை மிகுந்த மேற்பகுதி குளிர்ச்சியின்றிச் சுமார் 6 மணி நேரத்துக்கு மேல் தாங்காது, விரல் இன்னும் சில மணி நேரம் தாங்கும். துண்டான பகுதியை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். நேராக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும். விபத்துச் செய்தியோடு இந்த இரண்டு வரியைப் பெட்டியில் போடுவது பயனுள்ள வேலை.

இரட்டைப் பொருள் தொடர்களில் ‘கை நீட்டினார்’ மிக மோசம். அடித்தார், லஞ்சம் கேட்டார், பிச்சை கேட்டார் என்று மூன்றும் வரும். ‘கை வைத்தார்’ அதைவிட ஆபத்து. கல்லாவில் வைத்தால் திருட்டு, மானியத்தில் வைத்தால் வெட்டு, ஆள்மேல் வைத்தால் அடியா அத்துமீறலா என்பது தெரியாது. பாலியல் குற்றச் செய்தியில் இதை எழுதவே கூடாது. புகாரில் இருப்பதை நேராகச் சொல்ல வேண்டும்.

இலங்கைத் தமிழ்ச் செய்தியைத் தமிழகத்தில் எடுத்துப் போடும்போது வேறு சிக்கல். அங்கே ஒப்பந்தம் ‘கைச்சாத்திடப்படும்’, இங்கே கையெழுத்தாகும். அங்கே ‘மகஜர் கையளிப்பு’ என்றால் மனு கொடுத்தது. இங்கே மகஜர் என்றால் போலீஸார் எழுதும் கைப்பற்றுதல் குறிப்பு. கைதானவர் அங்கே ‘விளக்கமறியலில்’, இங்கே நீதிமன்றக் காவலில். இவற்றை மாற்றி எழுதலாம். ஆனால் போரின் இறுதியில் ‘இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்கள்’ என்று வடக்கிலுள்ள குடும்பங்கள் சொல்வதை மட்டும் ‘சரணடைந்தவர்கள்’ என்று மாற்றக் கூடாது. தாங்களே கொண்டுபோய் ஒப்படைத்தோம், பெற்றுக்கொண்டவர் பதில் சொல்ல வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கையே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

வல்லினம் மிகுவதற்குக் கைவசம் ஒரு சுலபமான சோதனை. ‘கையால்’, ‘கையில்’ என்று விரிந்தால் பெரும்பாலும் மிகும்: கைப்பற்று, கைத்தறி, கைத்துப்பாக்கி, கைக்குழந்தை, கைப்பை. ‘கையை’ என்று விரிந்து வினை தொடர்ந்தால் மிகாது: கைதட்டினர், கைகொடுத்தார், கைகோத்தனர், கைகழுவியது. கைகள் கலப்பதால் கைகலப்பிலும் மிகாது. இதனால் பொருளே மாறும் ஓர் இணை உண்டு. ‘கைப்பிடி’ கதவில் இருப்பது, ‘கைபிடித்தார்’ என்றால் மணந்தார். ‘கைமாறு’ம் ‘கைம்மாறு’ம் அப்படியே: பணம் கைமாறியது, கைம்மாறு கருதாமல் உதவினார். குறள் 211 ‘கைம்மாறு வேண்டா’ என்றுதான் தொடங்குகிறது. செல்பேசிக்குக் ‘கைபேசி’, ‘கைப்பேசி’ இரண்டும் புழங்குகின்றன. விதி இரண்டாவதன் பக்கம், வழக்கு முதலாவதன் பக்கம். எதையாவது ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரே செய்தியில் இரண்டும் வராமல் பார்த்தால் சரி.

கடைசியாகக் கட்சிச் சின்னம். 1978-இல் பிரிந்த இந்திரா காங்கிரஸ் கையைச் சின்னமாக்கிக்கொண்டதிலிருந்து தலைப்பு எழுதுபவர்களுக்குக் கொண்டாட்டம்தான்: ‘கை’ கொடுக்குமா, ‘கை’ நழுவுகிறதா. அச்சில் மேற்கோள் குறி காப்பாற்றும். இணையத்தில் தேடல் முடிவிலும் செல்போன் அறிவிப்பிலும் குறி உதிர்ந்தோ கவனிக்கப்படாமலோ போகும், வாசித்துக்காட்டும் செயலி அதைச் சொல்வதே இல்லை. குறி இல்லாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘மாவட்டத் தலைவர் கை விட்டார்’ என்று வந்தால் அவர் கட்சியை விட்டாரா, யாரையாவது அடித்தாரா என்று தெரியாது. அந்தத் தலைப்பை மாற்றிவிட வேண்டியதுதான். விகுதி சேர்க்கும்போது குறி ‘கை’யோடு முடிய வேண்டும்: ‘கை’யில், ‘கை’க்கு, ‘கை’யை. ‘கை’து என்று உடைத்துக் காங்கிரஸார் கைதைத் தலைப்பாக்கும் ஆசை எல்லா மேசையிலும் எப்போதாவது எழும். ஒரு தடவை சிரிக்கலாம், வயிற்றில் காயத்தோடு சிறைக்குப் போனவரைப் பற்றிய செய்தியாக இல்லாதவரை.